மூன்று மடங்கு இறைக்காத நீர் மாதிரி செல்லாதா?

பொன்னைக்கரையான்:
ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற சுமார் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவைப் பற்றிய பேச்சில், சோளிங்கர் ஆய்வாளர் என்ற பெயரில் எழுதுபவர், "கண்காணிப்புக் கிணற்றின் குழாயில் நிற்கும் நீரைப் போல மூன்று மடங்கு இறைத்துக் கொட்டாமல் எடுத்த மாதிரி செல்லாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நிலத்தடி நீரில் மாசு இருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்க்கப் போடும் குழாய்க் கிணறுதான் கண்காணிப்புக் கிணறு. எங்கள் பக்கம் கருங்கல் பூமி. மேலே சிதைந்த பாறையும் கீழே விரிசல்களுமாக இருக்கும் இடத்தில், விரிசலில் கசிவதுதான் நீர். நான்கு அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் நிற்கும். 20 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் மூன்று மடங்கு என்பது 480 லிட்டர். கோடையில் அவ்வளவு நீரை எந்த விரிசல் உடனே கொடுக்கும் என்பதை ஐயா நேரில் வந்து காட்டட்டும்.

சோளிங்கர் ஆய்வாளர்:
குழாயில் நாள்கணக்கில் நின்ற நீர் காற்றுப் பட்டுத் தன்மை மாறிய நீர். அதை வெளியேற்றாமல் எடுத்தால் நிலத்தடி நீரைச் சோதித்ததாக ஆகாது. மூன்று மடங்கு என்பது நான் கண்டுபிடித்த கணக்கன்று. பல பத்தாண்டுகளாகக் களத்தில் இருக்கும் வழக்கம். ஊற்று குறைவாக இருந்தால், வற்றும்வரை இறைத்துவிட்டு, மீண்டும் ஊறிய நீரை 24 மணி நேரத்துக்குள் எடுக்கவும் வழி உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் கருங்கல்லின் மேல் பழியைப் போடுவது, ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதை.

வாலாஜா வாசி:
மூன்று மடங்கு என்பது குழாய்க்குள் இருக்கும் நீரை மட்டுமா, குழாயைச் சுற்றி நிரப்பிய மணலில் இருக்கும் நீரையும் சேர்த்தா? இதை முதலில் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தால் நல்லது.

பொன்னைக்கரையான்:
மேடை கோணலா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம். வற்ற இறைத்த கிணற்றில், விரிசலிலிருந்து வரும் நீர் சுவர் வழியே சொட்டி, வழியெல்லாம் காற்றைக் கலந்துகொண்டு அடியில் சேர்கிறது. காற்றுப் பட்ட நீர் ஆகாது என்பவர் அதைத்தான் புது நீர் என்கிறாரா? மெதுவாக இறைத்து எடுக்கும் முறையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இலேயே விரிவாக வெளியிட்டுவிட்டது. பம்பின் வாயை நீர் வரும் ஆழத்தில் நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரை மட்டும் எடுத்து, நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த மூன்று அளவீடுகளில் நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 0.1க்குள்ளும், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றுவிட்டால், கலங்கலும் கரைந்த ஆக்சிஜனும் அதேபோல் நிலைபெற்றால், மாதிரியை எடுக்கலாம். இதில் மூன்று மடங்கு எங்கே வருகிறது? மாறாக, மூன்று மடங்கு என்ற வெறியில் பெய்லர் என்னும் நீர் மொள்ளும் குழலைக் கயிற்றில் கட்டித் தொப்பென்று போட்டு இறைத்தால், அடியில் கிடக்கும் வண்டல் எழும்பும். அந்தக் கலங்கலை வடிகட்டாமல் நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் ஊற்றினால், மண்ணில் ஒட்டியிருந்த குரோமியமும் கரைந்து நீரின் கணக்கில் ஏறிவிடும்.

சோளிங்கர் ஆய்வாளர்:
பிடித்தேன். நச்சு மிகுந்த வகையான ஹெக்சாவேலன்ட் குரோமியம் பார்க்கும் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விடுவார்களா? விட்டால் அது நச்சு குறைந்த ட்ரைவேலன்ட் வகையாக மாறிவிட வழியுண்டு. களத்திலேயே வடிகட்டி, குளிர்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். சென்ற ஆண்டு வடிகட்டும் தாளைப் பற்றி என்னைக் கேலி செய்தவர், இந்த அரிச்சுவடியை ஏன் விட்டுவிட்டார்?

பொன்னைக்கரையான்:
நான் சொன்னது இரண்டு வகையும் சேர்ந்த மொத்தக் குரோமியத்தை. குடிநீருக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற இந்தியத் தர வரம்பும் மொத்தக் குரோமியத்துக்கே உரியது. வாசிக்காமல் பிடிப்பதில் ஐயாவுக்கு நிகர் இல்லை.

சித்தூர்த் தமிழன்:
எங்கள் பக்கம் விவசாய போர்வெல்லில் மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு குறையும் வந்ததில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம்தான் எல்லாவற்றுக்கும் சடங்கு.

பொன்னைக்கரையான்:
விவசாய போர்வெல்லில் மேல்மண் சரியாமலிருக்க அதற்கு மட்டும் கேசிங் குழாய் இறக்கிவிட்டு, கீழே பாறையைத் திறந்தே விடுகிறோம். எல்லா ஆழத்து நீரும் அதில் கலக்கும். அசுத்தம் எந்த விரிசலில் வருகிறது என்று அதில் எப்படிக் காண்பீர்கள்? கண்காணிப்புக் கிணற்றில் குறித்த ஆழத்தில் மட்டும் துளையிட்ட பி.வி.சி. குழாய், சுற்றிலும் சலித்த மணல், அதன் மேல் பென்டோனைட் களிமண் அடைப்பு, அதற்கு மேல் தரைவரை சிமென்ட் கலவை, வாயில் பூட்டு மூடி இருக்க வேண்டும். களிமண் அடைப்பு சரியில்லையென்றால் மேலே தேங்கும் கழிவுநீர் குழாயின் ஓரமாகவே இறங்கிவிடும். அப்புறம் மூன்று மடங்கு அன்று, முப்பது மடங்கு இறைத்தும் பயனில்லை. போர் வண்டிக்காரர் எந்த அடியில் ஈரம் தட்டியது என்று எழுதி வைத்த தாளைக்கூடக் கேட்டு வாங்காதவர்கள்தான் மடங்குக் கணக்குப் பேசுகிறார்கள்.

வாலாஜா வாசி:
மணலில் இருக்கும் நீர் சேருமா, சேராதா?

சோளிங்கர் ஆய்வாளர்:
அடைப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மூன்று மடங்கு இறைக்காத மாதிரிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன்.

பொன்னைக்கரையான்:
கையெழுத்து இருக்கட்டும். இறைத்த 480 லிட்டர் குரோமிய நீரைப் பீப்பாயில் பிடித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்புவீர்களா, பக்கத்து வாய்க்காலில் விடுவீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சித்தூர்த் தமிழன்:
வாய்க்காலில் நீர் இருந்தால்தானே விடுவதற்கு!