மூன்றாவது வரியிலேயே நிறுத்திவிட்டாராம்: எழுதியதை யாரிடம் காட்டுவது?

தறிச்சத்தம் (கேள்வி):

மூன்று வருடமாக ஒரு கதைச் செயலியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 11 சிறுகதை, ஒரு தொடர் (பாதியில் நிற்கிறது, அதை விடுங்கள்). ஒவ்வொன்றுக்கும் கீழே ‘அருமை’, ‘சூப்பர் சகோ’, ‘கண் கலங்கிவிட்டது’ என்று இருபது முப்பது பேர் எழுதுவார்கள். நானும் அவர்கள் கதைக்குக் கீழே போய் அதையே எழுதுவேன். உண்மையைச் சொன்னால் அதில் பாதியை நான் முழுதாகப் படித்ததில்லை.

போன மாதம் நண்பர் ஒருவர் ஆறு பேர் மட்டும் இருக்கிற வாட்ஸப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். வாரம் ஒருவர் கதை போட வேண்டும், மற்ற ஐந்து பேரும் குறை சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. என் முறை வந்தது. ஒருவர் ‘மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டேன்’ என்று மட்டும் எழுதினார். இன்னொருவர் ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது?’ என்றார். நான் பத்து மெசேஜ் போட்டு விளக்கம் கொடுத்தேன், அவர்கள் பதிலே போடவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கதையின் தொடக்கம் இதுதான்:

“அதிகாலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிப் பூமியைத் தழுவிக்கொண்டிருந்தான். முப்பது வயது மதிக்கத்தக்க செல்வம் கனத்த இதயத்துடன் அப்பாவின் தையல் மெஷினைப் பார்த்தான். அவன் கண்களில் நீர் பெருகியது. கடனை அடைக்க அதை விற்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. கால்மிதியில் அப்பாவின் வலது கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.”

அவ்வளவு மோசமா? அந்தக் குழுவில் இருக்கலாமா, வெளியே வந்துவிடலாமா?

தட்டச்சுப்பூனை:

மோசம் இல்லை, ஆனால் நானும் மூன்றாவது வரியில்தான் நின்றிருப்பேன். கதிரவன், கனத்த இதயம், கண்ணீர் மூன்றும் உங்களுடையவை அல்ல, ஆயிரம் கதையில் ஏற்கெனவே படித்தவை. அந்தத் தேய்ந்த இடம் இருக்கிறதே, அது உங்களுடையது, நீங்கள் பார்த்தது. அதைக் கொண்டுபோய் ஐந்தாவது வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், அந்த ஆள் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

அப்புறம் அந்த ‘அருமை சகோ’ எல்லாம் மொய். நீங்கள் அவர் வீட்டு விசேஷத்துக்கு 100 வைத்தீர்கள், அவர் உங்கள் வீட்டுக்கு 101 வைக்கிறார். மொய் நோட்டைப் பார்த்துச் சாப்பாடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள முடியாது. நானும் நிறைய வைத்தவள்தான், அதனால் சொல்கிறேன்.

காஜாப்பட்டன்:

நான் எழுத்தாளன் இல்லை, டெய்லர் வீட்டுப் பையன். கதை நன்றாக இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, மெஷினைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒன்று, கட்டைவிரல் பட்டு இரும்பு தேயாது. கால்மெஷினில் மிதிக்கும் தட்டு முன்னும் பின்னும் சாய்ந்தாடும், முன்பாதமும் குதிகாலும் மாறி மாறி அழுத்த வேண்டும். எங்கள் அப்பா மெஷினில் முன்பாதம் பட்ட இடம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் போய் இரும்பு மின்னும், வெள்ளையாக இருக்காது.

இரண்டாவதுதான் பெரிய சிக்கல். பழைய கால்மெஷினை விற்று எந்தக் கடனை அடைக்கப்போகிறான் செல்வம்? வாங்க வருகிறவர் எடை போட்டு இரும்பு விலைக்குத்தான் கேட்பார். மோட்டார் மெஷின் வந்த பிறகு அதற்கு அவ்வளவுதான் மரியாதை. தையல் தெரிந்த யாரும் அந்த வரியைப் படித்ததும் சிரிப்பார்கள். மன்னிக்கவும், எனக்குச் சிரிப்பு வந்தது. கடனுக்காக விற்கவில்லை, வீட்டில் இடமில்லை, எடைக்குப் போடுகிறான் என்று வைத்துப் பாருங்கள், எனக்கென்னவோ அதுதான் அதிகமாக வலிக்கிறது.

பெல்ட் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் பெல்ட் நாளாக ஆகத் தளர்ந்துவிடும், கொஞ்சம் வெட்டிவிட்டுச் சின்னக் கம்பி போட்டு மறுபடி கோப்பார்கள். எங்கள் வீட்டு மெஷினில் அந்தக் கம்பி சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்குவேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈற்றடிக்காரர்:

தம்பி, இதையெல்லாம் நாங்கள் யாகூ குழுமக் காலத்திலேயே பட்டாயிற்று. மரத்தடி, ராயர் காபி கிளப் என்று மின்னஞ்சலிலேயே இலக்கியம் ஓடிய காலம், யூனிகோட் பரவாத காலம், எழுதியதைத் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் மாற்றி அனுப்புவோம், எதிர்முனையில் அந்த எழுத்துரு இல்லையென்றால் என்னென்னவோ புரியாத குறிகளாகத் தெரியும். அந்த நாளில் ஒருவர் ஈற்றடி, அதாவது கடைசி வரி, கொடுப்பார், மற்றவர்கள் வெண்பா எழுதி முடிப்போம். நான் முதன்முதலில் அனுப்பியதில் ‘கோவில் வாசல்’ என்று ஓர் இடம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது, ‘தளை தட்டுகிறது ஐயா, மாமுன் நேர் வந்திருக்கிறது, கோவிலின் வாசல் என்று மாற்றினால் விளமுன் நேராகிச் சரியாகிவிடும்’ என்று. (தளை என்பது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி, வெண்பாவில் அது பிசகக் கூடாது.) எனக்குக் கோபமே வரவில்லை, ஏனென்றால் விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் எனக்கே தெரிகிற தப்பு அது. இன்றைக்கு யாப்பு பார்க்கிற அவலோகிதம் மென்பொருளில் போட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும், ஆளே வேண்டாம்.

அதே குழுமத்தில் ஒரு சிறுகதை போட்டேன். ‘உயிர் இல்லை’ என்று ஒருவர் எழுதினார். உயிர் எங்கே இல்லை, எந்த வரியில் போயிற்று, எதுவும் இல்லை. ஒரு வாரம் சண்டை போட்டேன். வெண்பாவில் குறை சொல்கிறவர் இடத்தைக் காட்டியே ஆக வேண்டும், கதையில் அந்தக் கட்டாயம் கிடையாது, அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது. இப்போது அந்தச் சண்டையைத் தேடிப் படிக்கலாம் என்றாலும் முடியாது, 2020 டிசம்பரில் யாகூ குழுமங்களையே மூடிவிட்டார்கள். வெண்பாக்களும் சேர்ந்து போயின. (சண்டை போனதில் வருத்தமில்லை.)

உங்கள் குழுவில் ‘மூன்றாவது வரியில் நிறுத்தினேன்’ என்றவர் இடத்தைக் காட்டியிருக்கிறார். அவரை விடாதீர்கள்.

மொட்டைமாடி:

இங்கே எல்லோரும் கறார் நல்லது என்கிற மாதிரியே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம். இப்படி ஒரு குழுவில் வாங்கிக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஒரு வரி எழுதாமல் இருந்தவள் நான். ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது’ என்பது விமர்சனமே இல்லை, எந்தக் கதைக்குக் கீழேயும் ஒட்டலாம், ‘அருமை’யைப் போலவே. படிக்காமலேயே எழுதிவிடலாம். கறாராகப் பேசினால் விஷயம் தெரிந்தவர் என்று மற்றவர்கள் நினைப்பார்கள், சில பேர் அதற்காகவே பேசுகிறார்கள், கதை ஒரு சாக்கு.

ஆனால் தம்பி, அந்தப் பத்து மெசேஜ் உங்கள் தப்பு. 1956-ல் அமெரிக்காவில் மில்ஃபோர்ட் என்ற ஊரில் டேமன் நைட்டும் வேறு சில அறிவியல் புனைகதைக்காரர்களும் ஒரு பட்டறை தொடங்கினார்கள், அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு முறை இன்றும் பல இடங்களில் நடக்கிறது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வருவார்கள், கதை எழுதியவர் கடைசி ஆள் முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் காரணம் இருக்கிறது. பத்திரிகையில் கதை வந்தால் ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் ‘நான் சொல்லவந்தது என்னவென்றால்’ என்று விளக்க முடியாதில்லையா. உங்கள் குழுவில் இதைச் சொல்லிப் பாருங்கள். கூடவே, குறை சொல்கிறவர் ஒரு வரியையாவது எடுத்துக்காட்டித்தான் சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் இருங்கள், இல்லையென்றால் மூட்டையைக் கட்டுங்கள்.

இன்னொன்று, கதையைப் போடும்போதே கேள்வியையும் சேர்த்துப் போடுங்கள். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் வரும். ‘எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தீர்கள்’ என்று கேளுங்கள்.

தறிச்சத்தம்:

எல்லோருக்கும் நன்றி. முதலில் படித்தபோது காஜாப்பட்டன் அண்ணன் மேல்தான் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது என்றாரே, அதில். அப்புறம் தெரு முனைப் பழைய இரும்புக் கடையில் போய்க் கேட்டேன். அண்ணன் சொன்னது சரி. கூடுதலாக ஒன்று தெரிந்தது, மேல்பலகை மரம் அவருக்கு வேண்டாமாம், கழற்றிவிட்டுத்தான் எடை போடுவாராம். அதைக் கேட்டதும் கதையின் முடிவையே மாற்றத் தோன்றியது. குழுவிலும் மொட்டைமாடி அக்கா சொன்னதைப் போட்டிருக்கிறேன், மூன்று பேர் சரி என்றார்கள், ‘புதிதாக என்ன’ என்று கேட்டவர் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது தொடக்கம் இப்படி:

“கால்மிதியில் அப்பாவின் வலது பாதம் பட்ட இடத்தில் மட்டும் பெயிண்ட் போய் இரும்பு மின்னியது. தராசை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தவர் பலகையைத் தட்டிப் பார்த்தார். ‘மரம் எனக்கு வேண்டாம் தம்பி, நீயே வச்சுக்க’ என்றார்.”

எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தீர்கள்?

தட்டச்சுப்பூனை:

வைக்கவில்லை. அடுத்த பத்தி எங்கே?

காஜாப்பட்டன்:

முதல் வார்த்தையிலேயே வைத்துவிட்டேன். கால்மிதி என்றால் எங்கள் வீட்டில் வாசலில் போடுவது, கால் துடைக்க. நாங்கள் பெடல் என்றுதான் சொல்வோம்.