மறு: டெர்மினல் திறக்கலன்னா எந்த "முனையத்துக்கு" போறது?

வணக்கம் எல்லாருக்கும், உபுண்டு லினக்ஸோட அப்கிரேட் குறிப்பத் தமிழாக்கறப்ப, கட்டளை டைப் பண்ற டெர்மினல் சாளரத்துக்கும் டெஸ்க்டாப் இல்லாம முழுத்திரையா வர்ற கன்சோலுக்கும் தனித்தனிச் சொல் வேணுமாங்கற பேச்சுக்கு என் பதில் இது.

> முனையம்னு நல்ல சொல் ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு, இப்ப புதுசா ஒண்ணு எதுக்கு?

அண்ணா, முனையத்த யாரும் தூக்கச் சொல்லல. ஆனா அப்கிரேட் உதவிக்குறிப்போட வரைவுல இந்த வரியப் பாருங்க: "முனையம் திறக்கவில்லை எனில் முனையத்திற்குச் சென்று பின்வரும் கட்டளையை இடவும்." பூட்டின வீட்டுக்குள்ள போய் சாவி எடுத்துட்டு வாங்கற மாதிரி இருக்கு. மூலத்துல முதல்ல வர்றது டெர்மினல், அடுத்து வர்றது கன்சோல், தமிழ்ல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு.

இத சும்மா சொல் சண்டைன்னு விட முடியாது. உபுண்டு 22.04-லேந்து 24.04-க்கு ஏத்தினதும் டெர்மினல் திறக்கலன்னு வர்றவங்ககிட்ட நான் பாத்த வரைக்கும் ரெண்டு காரணம்தான் அதிகம். ஒண்ணு பைத்தான்ங்கற நிரல்மொழி. 24.04-ல சிஸ்டம் பைத்தான் 3.12, ஆனா எப்பவோ ஏதோ ப்ராஜெக்ட்டுக்காக பைத்தான்3-ங்கற லிங்க்க வேற வெர்ஷனுக்குத் திருப்பி வச்சிருப்பாங்க, அத மறந்தும் போயிருப்பாங்க, அந்த உபுண்டுல டெர்மினலத் திறக்கற க்னோம்-டெர்மினல்ங்கற கமாண்டே ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட்தான், அது ஜிஐங்கற பைத்தான் மாட்யூலத் தேடும், திருப்பி வச்ச வெர்ஷன்ல அது கிடைக்கலன்னா அப்படியே படுத்துடும், ஐகான அழுத்தினவருக்கு ஒரு எரர் கூட கண்ணுல படாது. லிங்க்க சிஸ்டம் வெர்ஷனுக்கே திருப்பிவிட்டா சரியாயிடும்.

இன்னொண்ணு லோகேல், அதாவது மொழி-நாடு அமைப்பு. செட் பண்ணி வச்சிருக்கற லோகேல் ஜெனரேட் ஆகாம கிடந்தா க்னோம் டெர்மினலோட சர்வர் எந்திரிக்காது. ஜர்னல்ங்கற சிஸ்டம் பதிவுல எக்ஸிட் ஸ்டேட்டஸ் 8ன்னு இருந்தா லோகேல் யூடிஎஃப்-8 இல்லன்னு அர்த்தம், 9ன்னா அந்த லோகேலே மெஷின்ல இல்ல. லோகேல்.ஜென் ஃபைல்ல டிஏ_ஐஎன் (இந்தியத் தமிழ்) வரிக்கு முன்னாடி இருக்கற ஹேஷ (#) எடுத்துட்டு லோகேல்-ஜென் ஓட்டினா போதும்.

சரி, அத எங்க உக்காந்து ஓட்டறது? கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3. இதுதான் கன்சோல், சிஸ்டத்தோட மையமான கெர்னலே நேரா குடுக்கற திரை, டெஸ்க்டாப் செத்துக் கிடந்தாலும் வரும். பழைய குறிப்புகள்ல எஃப்1 போயிட்டு எஃப்7-ல திரும்பி வாங்கன்னு இருக்கும், உபுண்டு 17.10-லேந்து அது மாறிடுச்சு, இப்ப வழக்கமா எஃப்1 லாகின், எஃப்2 நம்ம டெஸ்க்டாப். வரைவுல இன்னும் எஃப்7தான் இருக்கு, யாராவது மாத்திடுங்க.

இதுல தமிழ் டெஸ்க்டாப் வச்சிருக்கறவங்களுக்குன்னு ஒரு தனி வில்லங்கம் இருக்கு. எஃப்3-ல லாகின் பண்ணினதும் வர்ற தமிழ்ச் செய்தி எல்லாம் கட்டம் கட்டமா நிக்கும். அந்தத் திரைக்கு 512 எழுத்து வடிவத்துக்கு மேல தாங்காது, கொம்ப எழுத்துக்கு முன்னாடி போடணும்ங்கறதும் அதுக்குத் தெரியாது. அதனால முதல் வேலையா எக்ஸ்போர்ட் லாங்=சி போட்டு இங்கிலீஷுக்கு வந்துடணும். டெஸ்க்டாப்ல திறக்கற டெர்மினல்ல கொஞ்சம் கோணலா இருந்தாலும் தமிழப் படிச்சிடலாம். ஒண்ணுல தமிழ் வரும், இன்னொண்ணுல வரவே வராது, ரெண்டுக்கும் ஒரே பேருன்னா குறிப்ப எப்படி எழுதறது?

> மெய்நிகர் முனையம்னு வச்சிடலாமே

அப்படி வச்சா படிக்கறவர் சாளரத்ததான் நினைப்பார், பாக்கப்போனா ரெண்டுமே 1978-ல வந்த விடி100ங்கற பழைய டெர்மினல் கருவி வழிவந்த கட்டளைகளத்தான் புரிஞ்சுக்குது, இதுல எது மெய் எது நிகர்? சாளரத்துக்கு "போலி முனையம்"னு ஒருத்தர் சொல்லியிருந்தார், லோன் ஆப் மோசடி மாதிரி கேக்குது, வேணாம்.

> கருந்திரை

அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனா அதே குறிப்புல கிராஃபிக்ஸ் டிரைவர் புட்டுக்கிட்டா வர்றதுக்கு "கருந்திரை வந்தால்"னு தனித் தலைப்பே இருக்கு.

> பேசாம கன்சோல்னே விட்டுடலாம்

கேடிஇங்கற இன்னொரு டெஸ்க்டாப்போட ஆளுங்க சண்டைக்கு வருவாங்க, அவங்களோட டெர்மினல் சாளரத்துக்குப் பேரே கான்சோல்.

என்னோட பரிந்துரை அடிமுனையம். டெஸ்க்டாப்புக்கு அடியில எப்பவும் இருக்கறது, அடித்தளம் மாதிரி, புதுசா வர்றவருக்கும் சொல்லிக்குடுக்காமலே ஓரளவு புரியும். உதைக்கற அடின்னு யாராவது கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும், அப்கிரேட் முடிஞ்சு அங்க போறவங்க அடி வாங்கினவங்கதான். டெஸ்க்டாப்ல திறக்கறது முனையச் சாளரம். ஆப் பேர வச்சு எழுதவே வேணாம், உபுண்டு 25.10-ல க்னோம் டெர்மினல் போய் ப்டிக்ஸிஸ்ங்கற வேற ஆப் வந்துடுச்சு, அடுத்து என்னவோ. வெறும் முனையம்ங்கறது ரெண்டுக்கும் பொதுவா இருந்துட்டுப் போகட்டும்.

கட்டளைய வாங்கி ஓட்டற ஷெல்லுக்குத் தமிழ்ல ஓடா உறையாங்கறத தனி இழைல வச்சுக்கலாம், இங்க இழுத்தா இது முடியாது. டிடிஒய், எஸ்டிடிஒய் மாதிரி கமாண்ட் பேருங்கள மட்டும் யாரும் மொழிபெயர்க்காதீங்க, பாவம், எஃப்3-ல உக்காந்திருக்கறவர் அத அப்படியே டைப் பண்ணியாகணும்.