மணல் மண், செடி எல்லாம் மஞ்சள், வேம் (VAM, வேர்ப் பூஞ்சை உரம்) போட்டும் பலன் இல்லை. உதவி தேவை

ஒற்றியூர் செடி:
வீட்டுக்குப் பின்னால் முழுக்க மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்பதே இல்லை. கத்தரி, முள்ளங்கி, அரைக்கீரை போட்டேன், எல்லாம் மஞ்சள். எருவும் போட்டாச்சு, வேம் வாங்கித் தூவியாச்சு. வேறு என்ன போடலாம்? கொஞ்சம் அவசரம்.

ராயபுரம் மாடி:
என்ன தண்ணீர், மெட்ரோ வாட்டரா, போர்வெல்லா? என்ன எரு? மஞ்சள் அடி இலையிலா, கொழுந்திலா? படம் போடுங்கள்.

காசிமேட்டான்:
எதற்கும் மீன் அமிலம்தான். மீன் கழிவும் வெல்லமும் சரிக்குச் சரி போட்டு மூடி வையுங்கள். நம்ம பக்கம் கழிவுக்கா பஞ்சம்?

மண்புழு:
பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. தம்பி, வேம் என்ன கோலமாவா, மேலே தூவ? வேரைத் தொட வேண்டும். விதைக்கு அடியில், நாற்றுக் குழியில் போட வேண்டும். முள்ளங்கி, கோஸ், கடுகு குடும்பத்தில் அது ஒட்டவே ஒட்டாது. அரைக்கீரை வகையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளாது. உங்கள் மூன்றில் கத்தரிக்கு மட்டும்தான் உதவும். டிஏபி போட்டிருந்தால் அதுவும் போச்சு. டிஏபியில் இருக்கிற மணிச்சத்து (பாஸ்பரஸ்) தாராளமாகக் கிடைத்தால் செடி எதற்குப் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுத்து வைத்துக்கொள்ளும்?

ஒற்றியூர் செடி:
தம்பி இல்லை ஐயா, தங்கை. போர் தண்ணீர்தான். டிஏபி ஒரு கை போட்டேன். எரு என்றது காயர் கட்டி (தென்னை நார்க்கழிவு), ஊறவைத்து அப்படியே கலந்தேன். அடி இலைதான் முதலில் மஞ்சளானது.

எர்ணாவூர் அக்கா:
மட்காத நார்க்கழிவு எருவே இல்லைம்மா. அதில் தழைச்சத்தைவிட (நைட்ரஜன்) கரிச்சத்து (கார்பன்) 100 மடங்குக்கு மேல். மட்குவதற்கு மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், அடி இலை மஞ்சளாகும். கழுவாத கட்டியில் உப்பும் உண்டு. நன்கு மட்கிய தொழு உரம், மண்புழு உரம் போடுங்கள். நம் வெயிலில் மணலில் மட்கு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒவ்வொரு பருவமும் போட வேண்டும். மேலே சருகு மூடாக்கு.

காசிமேட்டான்:
மீன் அமிலத்தில் தழைச்சத்து இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை.

ராயபுரம் மாடி:
இருக்கிறது, பூனையும் வருகிறது. எங்கள் மாடியில் தொட்டியையே கவிழ்த்துவிட்டது.

காசிமேட்டான்:
நீங்கள் பச்சைக் கழிவைப் புதைத்திருப்பீர்கள். அமிலம் வேறு, அது வேறு.

ராயபுரம் மாடி:
அமிலம்தான். மூக்கு எனக்கும் இருக்கிறது.

மண்புழு:
பூனைப் பஞ்சாயத்தைத் தனியாக வையுங்கள். போர் தண்ணீர் என்றாரே, யாராவது கவனித்தீர்களா? மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்த கதை ஊருக்கே தெரியும். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் எந்த எருவும் காப்பாற்றாது. முதலில் பரிசோதனை. ஆவணியில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதையுங்கள், உப்பை ஓரளவு தாங்கும். பூ எடுக்கும்போது, சுமார் 45 நாளில், மடக்கி மண்ணில் போடுங்கள். ஐப்பசி மழை உப்பைக் கீழே இறக்கிவிடும். கத்தரி நாற்றை அப்புறம் வேமோடு நடலாம்.

ஒற்றியூர் செடி:
நன்றி. தண்ணீர் டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறேன். முள்ளங்கியைப் பிடுங்கிவிட்டேன்.

ராயபுரம் மாடி:
ரிசல்ட் வந்ததா? படம் இன்னும் வரவில்லையே.