வேதாரண்யத்தில் அளந்த 38 டெசிபெல்

2019 மாசியில், வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி உப்பளங்களை ஒட்டி நிற்கும் ஒரு செல்போன் டவருக்கு, ரேடியோ அலைகளை அளக்கும் கருவியான சிக்னல் அனலைசருடன் சென்றிருந்தேன். பொழுது சாய்ந்தால், ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய திறன் திரும்பி வருவதை எச்சரிக்கும் வி.எஸ்.டபிள்யூ.ஆர். அலாரம் வருவதும், மறுநாள் வெயில் ஏறியதும் தானே நீங்குவதுமாக இருந்ததால், டிரான்ஸ்மிட்டர் அடங்கிய ரேடியோப் பெட்டியான ஆர்.ஆர்.யூ.வை மாற்றிவிட முடிவு செய்து, அதற்கு முன் டிரான்ஸ்மிட்டரை ஒருமுறை அளந்து சொல்லும்படி அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள்.

ஆர்.ஆர்.யூ. கீழே மேடையிலேயே இருந்தது. டிரான்ஸ்மிஷனை நிறுத்திய பிறகே கேபிளைக் கழற்றினேன். 40 வாட், அதாவது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிடும் டெசிபெல் கணக்கில் 46 டிபிஎம் வரும் இடத்தில், அதிகபட்சம் 1 வாட் தாங்கும் அனலைசரை நேரடியாக இணைத்தால் அதன் முகப்பே எரிந்துவிடும் என்பதால், இடையே திறனைக் குறைக்கும் 30 டெசிபெல் அட்டெனுவேட்டரைப் பொருத்தினேன். பத்து நிமிடத்தில் அதன் துடுப்புகள் கை வைக்க முடியாதபடி சுட்டன.

பக்கத்து அலைவரிசைக்குள் கசியும் திறன், சொந்த அலைவரிசையின் திறனைவிட எவ்வளவு குறைவு என்று காட்டும் ஏ.சி.எல்.ஆர். 38 டெசிபெல் என்று வந்தது. எல்.டி.இ. (4ஜி) நிலையத்துக்குக் குறைந்தது 45 இருந்தாக வேண்டும். பழுது உறுதி என்று அறிக்கை எழுதத் தொடங்கிய நேரத்தில், தொலைபேசியில் மூத்த பொறியாளர் ஒருவர், "தம்பி, அனலைசருக்குள்ள இன்னொரு பத்து டெசிபெல் அட்டெனுவேஷன் போட்டுப் பாருங்க. அளவு மாறினா கோளாறு உங்க பக்கம்" என்றார். போட்டேன்; 47 ஆனது. மேலும் 5 கூட்டியும் 47 அசையவில்லை.

நடந்தது இதுதான். அட்டெனுவேட்டரைத் தாண்டியும் 16 டிபிஎம் உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்.டி.இ. அலையின் உச்சங்கள் சராசரியைவிடப் பத்து டெசிபெல் வரை எழக்கூடியவை. அவை, உள்ளே வரும் அலையை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றும் அனலைசரின் மிக்ஸரைத் திணறடிக்க, மிக்ஸர் உண்டாக்கிய சிதைவையே டிரான்ஸ்மிட்டரின் கசிவாக நான் படித்திருக்கிறேன். டிரான்ஸ்மிட்டரின் உண்மையான கசிவு, நாம் உள்ளே எத்தனை டெசிபெல் குறைத்தாலும் அதே விகிதத்தில்தான் நிற்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்த அளவையும் நம்புவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சிக்னல் இருக்க வேண்டிய நிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் ஈ.வி.எம்.மும், 64 க்யூ.ஏ.எம். என்ற பண்பேற்ற முறைக்கான 8 சதவீத வரம்புக்குள் நன்றாகவே அடங்கியிருந்தது.

டிரான்ஸ்மிட்டர் நலமாக இருந்தால், அலாரம் எங்கிருந்து வருகிறது? ஆர்.ஆர்.யூ.விலிருந்து கழற்றி வைத்திருந்த குட்டையான இணைப்புக் கேபிளை, அதாவது ஜம்பரை, அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, சேவையை விரைந்து மீட்கும் அவசரத்தில் மாட்டப்பட்ட கனெக்டர் அதன் முனையில் இருந்தது. நீர் புகாமல் சுற்ற வேண்டிய டேப் பாதியிலேயே நின்றிருந்தது. உட்புற விளிம்பு முழுவதும் பச்சைக் களிம்பு. விரலால் தேய்த்தபோது உப்பு நறநறத்தது. மாலைப் பனியில் அந்த உப்பு ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் காயும். அலாரம் வந்து போன நேரமும் அதுவே.

புதிய ஜம்பரை மாட்டி, டார்க் ரென்ச்சில் 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, டேப்பை அடியிலிருந்து மேலாகச் சுற்றிவிட்டு, பனி இறங்கும்வரை அங்கேயே காத்திருந்தேன். அலாரம் வரவில்லை. வண்டியில் ஏற்றி வந்திருந்த புதிய ஆர்.ஆர்.யூ., பெட்டி பிரிக்கப்படாமலே திரும்பியது.