புதுப்பிப்பு: விமானப் புள்ளிகளுக்காக வாங்கிய கடன் அட்டை

அப்பச்சியின் (அப்பாவின்) சாந்திக் கல்யாணச் செலவுகளை ஒரே கடன் அட்டையில் செலுத்தி, சேரும் புள்ளிகளைக் கொண்டு சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சியை (அக்காவை) பார்க்கச் செல்லும் திட்டத்தை இங்கே முன்பு எழுதியிருந்தேன். நடந்தது இது.

4 லட்சம் ரூபாய் செலவுக்கு, 50 ரூபாய்க்கு ஒன்று என 8,000 புள்ளிகள் கிடைத்தன. ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு ஒரு மைல் என்பதே மாற்று விகிதம் என்பதால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பயணியர் வெகுமதித் திட்டமான கிரிஸ்ஃபிளையர் கணக்கில், சீட்டு எடுக்கப் பயன்படும் மைல்கள் 4,000தாம் சேர்ந்தன. சேரும் வேகத்தை மட்டும் பார்த்து, மாற்று விகிதத்தைப் பார்க்காமல் அட்டையைத் தேர்ந்தெடுத்தது என் பிழை. அட்டையின் ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 2,950 ஆனது (செட்டிநாட்டில் பிறந்தும் இந்தக் கணக்கு தவறியதை ஐயா (தாத்தா) இன்றும் சொல்லிக்காட்டுகிறார்). அந்த மைல்கள் 36 மாதங்களில் காலாவதியாகும் என்பதால், இனி இருக்கையைப் பார்த்து வைத்த பிறகே புள்ளிகளை மாற்றுவேன். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம்தான் எங்களுக்கு வசதி. அங்கிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஸ்கூட்டில் செல்லவும் கிரிஸ்ஃபிளையர் மைல்களைப் பயன்படுத்த முடியும். ஆனால் இந்த முறை பணம் கொடுத்தே சீட்டு எடுத்தேன்.