கேமரா கூடக் கூட அலாரம் குவிகிறது: ஆள் எடுப்பதா, வேறு வழி உண்டா?

இரவுப்பணி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. தொலைவிலிருந்து கேமரா கண்காணிப்பு செய்து தரும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். குடோன், கட்டுமானத் தளம், லாரி யார்டு என்று 40 சைட், மொத்தம் 260 கேமரா. இரவு ஷிப்டு 12 மணி நேரம், இரண்டு ஆபரேட்டர்கள். சைட் குறைவாக இருந்தவரை பிரச்சினை இல்லை. இப்போது இருட்டியதும் அலாரம் வரிசைகட்டி நிற்கிறது. ஒரு யார்டில் ஆள் சுவரேறிக் குதித்த அலாரத்தை ஆறு நிமிடம் கழித்துத்தான் திறந்திருக்கிறார்கள். நேரலை வேறு அடிக்கடி உறைந்துபோகிறது.

இந்த நிலையில் இன்னும் 60 சைட் தர ஒரு வாடிக்கையாளர் தயாராக இருக்கிறார். கூடுதலாக இரண்டு பேரை எடுத்து, சுவர் முழுக்கத் திரை வைத்தால் சமாளிக்கலாமா?

திரைநோக்கி

திரையை முதலில் மறந்துவிடுங்கள். மனிதக் கண் அதற்கு ஒத்துவராது. ரேடார் பார்ப்பவர்களை மனதில் வைத்து உளவியலாளர் மேக்வொர்த் செய்த ஆய்வு 1948-லேயே வெளிவந்தது: அரை மணி நேரத்திலேயே கவனம் சரிகிறது. சுவர் நிறையத் திரை என்பது வாடிக்கையாளரைக் கூட்டிவந்து காட்டத்தான் லாயக்கு.

ஒரு இரவுக்கு மொத்தம் எத்தனை அலாரம்? ஒன்றைத் திறந்து பார்த்து மூட எத்தனை விநாடி? எந்தக் கேமராவிலிருந்து எத்தனை? இந்த மூன்றையும் எடுத்துப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

இரவுப்பணி

சராசரியாக 3,900 அலாரம். ஒன்றுக்கு 25 விநாடி. கேமரா வாரியாகப் பிரித்தால், வெறும் 18 கேமராவிலிருந்து மட்டும் சுமார் 2,600 வருகிறது!

திரைநோக்கி

கணக்கு அதிலேயே இருக்கிறது. 3,900 அலாரம், தலா 25 விநாடி என்றால் 27 மணி நேர வேலை. உங்களிடம் இருப்பது இரண்டு பேரின் 24 மணி நேரம், அதுவும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் இருந்தால். அலாரம் சீராகவும் வராது, காற்றும் மழையும் அடிக்கும்போது மொத்தமாக வரும். அந்த நேரத்தில் ஆபரேட்டர் பார்க்காமலேயே மூட ஆரம்பிப்பார். புலி வருது கதைதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த 18 கேமராவின் இரவு கிளிப்புகளை உட்கார்ந்து பாருங்கள். அதற்கு முன்னால் ஆள் எடுக்காதீர்கள்.

கம்பிவடம்

பார்க்காமலேயே பாதியைச் சொல்லிவிடலாம்: ஒட்டடை. கேமராவிலேயே இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு பூச்சியை இழுக்கும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்கு நாலு விரல் முன்னால் ஒரே ஓர் இழை காற்றில் ஆடினால் போதும், ஐஆர் பட்டு வெள்ளைவெளேரென்று திரையின் குறுக்கே ஓடும். சாதாரண மோஷன் டிடெக்ஷன் (அசைவைக் கண்டறியும் வசதி) பிக்சல் மாறியதா என்று மட்டும்தான் பார்க்கிறது, அதற்கு இழையும் ஒன்றுதான், திருடனும் ஒன்றுதான். உள் ஐஆரை அணைத்துவிட்டு, தனி ஐஆர் விளக்கைக் கேமராவிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளிப் பொருத்துங்கள். துடைப்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் ஏணி எடுக்க மாட்டார்கள்.

மீதிப் பாதி சாலையில் போகும் வண்டிகளின் ஹெட்லைட், ஆடும் தார்ப்பாய், மரக்கிளை. சாலைப் பக்கத்தை மாஸ்க் செய்யுங்கள், அதாவது அங்கே நடக்கும் அசைவைக் கணக்கில் எடுக்காதபடி மறைத்துவிடுங்கள்.

உறைவதற்குக் காரணம் பெரும்பாலும் சைட்டின் அப்லோடு. 1080பி, எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை) மெயின் ஸ்ட்ரீம், அதாவது முழுத் தர வீடியோ, ஒன்றுக்கு ஏறக்குறைய 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால், ஏழு கேமராவுக்கு 14. பல சைட்டில் அவ்வளவு இருக்காது. நேரலைக்கு சப் ஸ்ட்ரீம், அதாவது அதே கேமரா தரும் தரம் குறைந்த வீடியோ, போதும். முழுத் தரப் பதிவு சைட்டிலேயே என்விஆரில் (பதிவுக் கருவி) இருக்கட்டும், அலாரம் வந்தால் அந்தத் துண்டை மட்டும் இழுத்துக்கொள்ளலாம்.

புதியவழி

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஆள், வண்டி இரண்டையும் பிரித்தறியும் ஏஐ போடுங்கள், பொய் அலாரம் எல்லாம் காணாமல் போய்விடும்.

திரைநோக்கி

போடலாம், நானும் போட்டிருக்கிறேன். மரமும் மழையும் நன்றாகவே வடிகட்டப்படும். ஆனால் கேமராவை உயரத்தில் வைத்து 80 மீட்டர் தள்ளிப் பார்க்கச் சொன்னால், ஆள் திரையில் சில பிக்சல்தான் இருப்பான், ஏஐயும் கண்டுபிடிக்காது. ஒட்டடை மறைத்த லென்ஸில் உண்மையான ஆளையும் தவறவிடும். பொய் அலாரமாவது கண்ணுக்குத் தெரியும், வராமல்போன அலாரம் தெரியவே தெரியாது. ஒவ்வொரு கேமராவுக்கும் முன்னால் ஒருவரை இரவில் நடக்கவிட்டுச் சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும்.

இன்னொன்று, சைட்டில் ஆள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வரும் அலாரம். அதை ஏஐ குறைக்காது, ஏனென்றால் அது உண்மையிலேயே ஆள்தான். கடைசியாகக் கிளம்புபவர் சிஸ்டத்தை ஆர்ம் செய்கிறாரா (அலாரத்தை இயக்கிவைக்கிறாரா) என்பதுதான் கேள்வி.

பூட்டுசாவி

யாரும் கேட்காததைக் கேட்கிறேன். இந்த 40 சைட்டையும் எப்படி இணைத்திருக்கிறீர்கள்? போர்ட் ஃபார்வர்டிங்கா, அதாவது சாதனத்தை நேராக இணையத்துக்குத் திறந்துவைத்தா?

இரவுப்பணி

பெரும்பாலும் அதுதான் சார். பழைய டிவிஆர்கள் (பதிவுப் பெட்டிகள்) எல்லாம் அப்படித்தான்.

பூட்டுசாவி

அப்படியானால் புதிய சைட்டுக்கு முன்னால் இதை முடியுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் இணையத்துக்குத் திறந்திருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் கருவியோடு வரும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை வைத்தே லட்சக்கணக்கில் பிடித்தது. நீங்கள் விற்பதே பாதுகாப்பு, உங்கள் வழியாகவே ஒருவன் உள்ளே வந்தால் தொழில் அதோடு முடிந்தது. சைட்டுக்கு ஒரு சிறிய ரவுட்டர், அதிலிருந்து உங்கள் சர்வருக்கு வயர்கார்டு என்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு). இணைப்பு சைட்டிலிருந்து வெளியே வருவதால் பொது ஐபி இல்லாத மொபைல் இணைப்பிலும் வேலை செய்யும். எல்லாச் சாதனத்திலும் என்டிபி (இணையம் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) நேரத்தையும் சரிபாருங்கள். பதிவில் நேரம் பத்து நிமிடம் தள்ளியிருந்தால், ஆதாரமாகக் கொடுக்கும்போது எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இரவுப்பணி

நிலவரம் சொல்கிறேன். 18 கேமராவையும் பார்த்தாகிவிட்டது. ஒன்பதில் ஒட்டடை, நாலு சாலையைப் பார்த்தபடி, ஒன்றில் கழன்ற தார்ப்பாய், மிச்சம் எல்லாம் ஆர்ம் நேரக் குழப்பம். இப்போது ஒரு இரவுக்கு 1,500-க்குக் கீழே வந்துவிட்டது. சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றியதும் உறைவதும் நின்றது. விபிஎன் வேலை பாதியில் இருக்கிறது. அப்படியானால் 60 சைட்டையும் எடுத்துவிடலாமா?

திரைநோக்கி

ஒரே நேரத்தில் வேண்டாம். அதே விகிதத்தில் 100 சைட் என்றால் மறுபடி 3,750 அலாரம், பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். மாதம் பத்துப் பத்தாக எடுங்கள். ஒவ்வொரு புதிய சைட்டையும் ஒரு வாரம் தனி வரிசையில் ஓடவிட்டு, கேமராவுக்கு ஒரு இரவில் இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை வைத்து, அதற்குள் வந்த பிறகே ஆபரேட்டர் முன்னால் காட்டுங்கள். அந்த எல்லை ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். தாண்டினால் சரிசெய்யும் செலவு வாடிக்கையாளருடையது.

ஆள் கணக்கும் சரியாகப் போடுங்கள். இரவு இருக்கை இரண்டு என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு 40 மணி நேரம் வைத்தாலே நாலு பேருக்கு மேல் வருகிறது, விடுப்பு, உடல்நலக் குறைவு சேர்த்தால் ஐந்து. மூன்றாவது இருக்கை போட்டால் ஏழு பேராவது வேண்டும். கட்டணம் பேசும்போது இந்த எண் கையில் இல்லாமல் உட்காராதீர்கள்.