முந்திரி ஆலை மோட்டார்: எஃப் கிளாஸ்ல கட்டினா போதுமா?

பண்ருட்டிக்காரன்:
எங்க முந்திரி ஆலையில 7.5 எச்பி மோட்டார், இந்தக் கோடையிலயே மறுபடி காயில் எரிஞ்சிடுச்சு. தகர ஷெட், பக்கத்துலயே வறுக்கிற அடுப்பு. இதுவரை பி கிளாஸ் இன்சுலேஷன் (காயில் கம்பியோட காப்பு). எஃப் கிளாஸ்ல கட்டினா தாங்குமா?

முதுநகர் வைண்டர்:
தாராளமா தாங்கும் தம்பி. பி கிளாஸ் 130 டிகிரி வரை சூடு தாங்கும், எஃப் 155. ஷெட்டையெல்லாம் பிரிச்சு மேய வேணாம்.

சிப்காட் மெயின்டெனன்ஸ்:
அண்ணே, அந்த 155 எப்படி வருது? சுத்தி இருக்கிற காத்து 40, ஓடும்போது காயில்ல அதுக்கு மேல ஏறுற ஏற்றம் 105, உள்ளே ரொம்ப சுடுற இடத்துக்குன்னு 10. அடுப்புப் பக்கம் காத்தே 55 இருந்தா 15 டிகிரி அங்கேயே போச்சு. எட்டு பத்து டிகிரி ஏறினா இன்சுலேஷன் ஆயுள் பாதின்னு 1930லயே இன்ஜினியர் மான்ட்சிங்கர் சொல்லிட்டார்.

முதுநகர் வைண்டர்:
அவர் சொன்னது டிரான்ஸ்ஃபார்மருக்கு. நான் பிரிச்சுப் பார்த்ததைச் சொல்றேன். மூணு காயிலையும் முக்கோணமா இணைக்கிற டெல்டாவுல ஒரு பேஸ் காயில் மட்டும் கருகி, மத்த ரெண்டும் புதுசாட்டம் இருந்தா சிங்கிள் பேசிங், அதாவது மூணு லைன்ல ஒண்ணு போயும் மோட்டார் ஓடியிருக்கு. அதுக்கு அடுப்பு மேல பழி போடாதீங்க.

சிப்காட் மெயின்டெனன்ஸ்:
டிரான்ஸ்ஃபார்மரோ மோட்டாரோ, சூட்டுல இன்சுலேஷன் மொறுமொறுன்னு ஆகி விரிசல் விடுறது ஒண்ணுதானே? தம்பி, மூணு பேஸும் கருப்பா?

பண்ருட்டிக்காரன்:
மூணுமே ஒரே கருப்பு. ஃபேன் கவரைக் கழட்டினா தோட்டுத்தூள் எண்ணெயோட அப்பிக் கிடக்கு. மோட்டார் மேல சூடு வெளியேத்துற ஃபின்னுக்கு நடுவுல விரல் நகம் கூட நுழையல.

சிப்காட் மெயின்டெனன்ஸ்:
அப்புறம் என்ன! காத்து போக வழியே இல்ல. அதை விட்டுட்டு எஃப் கட்டினா அதுவும் வேகும், கொஞ்சம் லேட்டா.

முதுநகர் வைண்டர்:
தூசி தட்டணும், ஒத்துக்கறேன். அதுக்காக பி-யே போதும்னா விடமாட்டேன். எஃப்ல கட்டி பி ஏற்றத்துக்குள்ள, அதாவது 80 டிகிரிக்குள்ள, ஓட்டுறதுதான் கெட்டிக்காரத்தனம்.

சிப்காட் மெயின்டெனன்ஸ்:
பி போதும்னு யார் சொன்னா? கேஸ் டார்ச்சால பழைய காயிலை எரிச்சு எடுக்காதீங்கன்னுதான் கேக்கறேன். மோட்டார் கோர்ல அடுக்கியிருக்கிற இரும்புத் தகடுகளுக்கு நடுவுல இருக்கிற காப்புப் பூச்சு போயிட்டா, கோரே சுட ஆரம்பிக்கும்.

முதுநகர் வைண்டர்:
எங்க பட்டறையில ஓவன்லதான் சுடறோம், சூடு பாக்கிற மீட்டர் வச்சு. தெருமுனைக் கடையோட எங்களைச் சேர்க்காதீங்க சார். தம்பி, கரண்ட் கூடினா மோட்டாரை நிறுத்துற ஓவர்லோட் ரிலே எத்தனை ஆம்பியர்ல நிக்குது?

பண்ருட்டிக்காரன்:
ட்ரிப் ஆகுதேன்னு 15ல வச்சிருக்கோம். நேம்ப்ளேட்ல 11 போட்டிருக்கு.

முதுநகர் வைண்டர்:
போச்சுடா. முதல்ல அதை 11க்கு இறக்கு. மோட்டாரைக் கொண்டா, கட்டித் தர்றேன்.

சிப்காட் மெயின்டெனன்ஸ்:
அடுப்புக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு செங்கல் சுவர் எழுப்பிட்டுக் கொண்டு போங்க.